மூணாவது தடவைக்கு ஒரு பேரு

அக்கா ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி நான் கேட்க ரொம்ப நாளாயிற்று. தாம்பரத்தில் எங்கள் ஆபீஸுக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. அங்கே போய் நின்று "ஒல்லி" என்பார். அவ்வளவுதான். கடைக்காரர் தலையாட்டிவிட்டு, சர்க்கரை இல்லாமல், பால் கம்மியாக, ரொம்ப ஆற்றாமல், அக்கா கையோடு கொண்டுவரும் எவர்சில்வர் டம்ளரில் டீ ஊற்றிக் கொடுப்பார். மழை நாளாக இருந்தால் கடைக்காரரே முந்திக்கொள்வார்.

"இன்னா மேடம், இன்னிக்கு ஒல்லியா, குண்டா?"

குண்டு என்றால் இஞ்சி தட்டிப் போட்டு, சர்க்கரை தூக்கலாக, கூடவே ஒரு மசால் வடை. இதையெல்லாம் முதல் இரண்டு முறை அக்கா விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை போனபோது பெயர் வைத்துவிட்டார். அவருடைய கொள்கையே அதுதான்.

"ரெண்டு தடவை சொல்லலாம் பாய். மூணாவது தடவைக்கு ஒரு பேரு வச்சிரணும்."

பாய் என்பது நான். குரோம்பேட்டையிலிருந்து வருகிறவன். ஆபீஸில் எல்லோருக்கும் பாய்தான்; என் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. அக்கா என்னைவிடச் சில வயது மூத்தவர். அவரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அக்காதான். நானும் இங்கே அப்படியே விட்டுவிடுகிறேன்.

எங்கள் மாடியில் அக்காவின் இடம் ஒரு மூலையில் இருந்தது. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் பெரிய தூண். அந்த இடத்தை வடிவமைத்த மகானுபாவர் அதில் ஒரு மனுஷி உட்காருவார், எழுந்திருப்பார் என்று யோசித்ததாகவே தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் எழுந்து, நாற்காலியை மேஜைக்குள் தள்ளினால்தான் அக்கா வெளியே வர முடியும். பக்கத்து நாற்காலி எனக்கு வாய்த்தது. "பாய், கொஞ்சம் எழுந்திருங்க, நான் போகணும்" என்று முதல் நாள் சொன்னார். மறுநாளும் சொன்னார். அதற்கப்புறம் தடுப்புப் பலகையில் விரலால் ஒரு தட்டு. நான் எழுந்து நிற்பேன். காலப்போக்கில், வீட்டில் யாராவது மேஜையைத் தட்டினால்கூட எழுந்து நிற்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கடல் கடந்த ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மெயின்ஃபிரேம், அதாவது அந்தக் காலத்துப் பெரிய கம்ப்யூட்டர், எங்கள் கையில். நான் பிறப்பதற்கு முன்பே யாரோ எழுதிவைத்த நிரல்கள் அதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எழுதியவர்கள் ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்து, சிலர் போயும் சேர்ந்திருப்பார்கள். நிரல் மட்டும் போகாது. அதில் ஏதாவது கோளாறு வந்தால் நாங்கள் டிபக்கரைத் திறப்போம். ஓடுகிற நிரலை நாம் சொல்லும் வரியில் நிறுத்தி, இப்போது உள்ளே எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் கருவி அது. ஒரு பாலிசிதாரரின் நாமினி யார் என்று பார்க்க வேண்டுமென்றால், அந்தப் பெயர் எந்த நிரலில், எந்தப் பதிவில், எந்தப் பிரிவில், எந்த வரிசையில் இருக்கிறது என்று முழு முகவரியையும் தட்ட வேண்டும். ஸ்கிரீனின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நீளும். நடுவில் ஒரு எழுத்து பிசகினால் மறுபடியும் முதலிலிருந்து.

அந்த டிபக்கரிலேயே இதற்கு ஒரு வழியும் இருந்தது. நீளமான வாசகத்துக்கு நாமே ஒரு சுருக்கப் பெயர் வைத்துவிடலாம். அப்புறம் அந்தப் பெயரைத் தட்டினால் போதும். டிபக்கர் அதை எடுத்துவிட்டு, முழு வாசகத்தை அந்த இடத்தில் தானே போட்டுக்கொள்ளும். எங்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது. அக்காவுக்கோ அது தனக்கென்றே யாரோ செய்துவைத்த வசதி. நாமினி பெயரைப் பார்க்க ‘நாமி’. பிரீமியம் தவறிய தேதிக்கு ‘தவறு’. பாலிசி காலாவதியாகும் இடத்தில் நிரலை நிறுத்துவதற்கு ‘செத்து’. எல்லாம் ஆங்கில எழுத்தில் தட்டுகிற தமிழ்ப் பெயர்கள். கிளையன்ட் யாராவது எங்கள் ஸ்கிரீனைப் பார்த்தால் மந்திரம் ஓதுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

வேலை வேகமாக நடந்தது. டீமில் எல்லோரும் அந்தப் பெயர்களைத் தங்கள் செட்டிங்கில் சேர்த்துக்கொண்டார்கள். காலையில் டிபக்கரைத் திறந்தால் அக்காவின் சுருக்கங்கள் தாமாகவே ஏறி நிற்கும். புதிதாக ஏதாவது தேவைப்பட்டால், "அக்கா, இதுக்கு ஒரு பேரு வச்சுக் குடுங்களேன்" என்பார்கள். வைத்துக் கொடுப்பார். ஏதாவது சரியாக வரவில்லை என்றாலும் அவரிடமே போவார்கள். அவர் கீபோர்டை வாங்கி இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். என்ன செய்தார் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அப்படித்தான் அந்த மூலை அவருக்கு நிரந்தரமானது.

ஆனால் அக்காவுக்கு அங்கிருந்து போக வேண்டும் என்று இருந்தது. அதை ஆபீஸில் எல்லோரும் அறிவோம். வேறு புராஜெக்ட் கேட்டுப் பார்த்தார். மேனேஜர் நல்ல மனிதர்தான். யாரையும் திட்ட மாட்டார், மறுக்கவும் மாட்டார். அக்காவைத் தன் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, "நீங்க இல்லாம இங்க எதுவும் ஆகாதும்மா. உங்களை விட்டா யாரு இருக்காங்க, சொல்லுங்க. இந்த குவார்ட்டர் முடியட்டும், பாத்துக்கலாம்" என்பார். அக்கா திரும்பி வருவார். நான் எழுந்து வழிவிடுவேன். தூணுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு "கியூ" என்பார்.

குவார்ட்டர் என்ற மூன்று மாதக் கணக்கின் முதல் எழுத்தை எடுத்து, மேனேஜரின் அந்தப் பேச்சு முழுவதற்கும் அக்கா வைத்த பெயர்தான் கியூ. நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். லீவு கேட்கப் போனவனுக்கும் கியூ, ஊதிய உயர்வு கேட்கப் போனவளுக்கும் கியூ. அக்காவும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் தெரியும். சட்டென்று அணைந்துவிடும்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு என்னையும் என் மனைவியையும் சேலையூரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். பக்ரீத்துக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்த பிரியாணிக்குப் பதில் மரியாதை. வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. அவர் கணவர் அமைதியான ஆள், ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கேக், முறுக்கு, அதிரசம் என்று எங்கள் முன்னால் தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது மட்டும் எங்களுக்கு விளங்கவில்லை.

"மேல?" என்றார் அக்கா.

"ம்ம்." 

"அப்ப கீழ."

கணவர் எழுந்து போய்த் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். அடுத்து அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். அக்கா திரும்பாமலே, "கோயம்புத்தூர்" என்றார். அவர் உடனே சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் முறுக்கைப் பார்த்தேன்.

மறுநாள் டீக்கடையில் கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாது, என் வாய் அப்படி.

"அது ஒரு சண்டை பாய்," என்றார் அக்கா. "கல்யாணமான புதுசு. கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ்ல எனக்கு லெக்சரர் வேலை வந்துச்சு. போக முடியல. அதுக்குப் பல நாள் சண்டை. எதுக்கு தினமும் முழுசா சண்டை போடணும்னு பேரு வச்சுட்டோம். பேரைச் சொன்னா அவரு அடங்கிருவாரு."

"யாரு தடுத்தது? அவரா?"

அக்கா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"முழுசா பேசி ரொம்ப வருஷமாச்சு. இப்ப சொல்லச் சொன்னா, யாரு வேணாம்னு சொன்னதுன்னே தெரியல. நானாகூட இருக்கலாம்."

இத்தனை நாளும் வேடிக்கையாகத் தெரிந்த பழக்கம் அப்போதுதான் முதல் முறையாகப் பயம் தந்தது.

லெக்சரர் ஆசை அவருக்குப் போகவே இல்லை. காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்த ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்து விண்ணப்பித்தார். மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை, நல்ல காட்டன் புடவை கட்டிக்கொண்டு, தாம்பரத்தில் ரயிலேறிப் போனார். திங்கட்கிழமை வந்து தடுப்பைத் தட்டினார். எழுந்தேன். உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டின்போதுதான் சொன்னார். ஒரு மணி நேர வகுப்பை அவர் சில நிமிஷங்களில் முடித்துவிட்டார். நாலு வார்த்தையை போர்டில் எழுதி, ‘அவ்வளவுதான்’ என்று திரும்பியபோது மாணவர்கள் பேனாவைத் திறந்து முடித்திருக்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பேராசிரியர்கள் காத்திருந்தார்கள். அக்காவும் காத்திருந்தார். மேலே சொல்ல ஒன்றுமே வரவில்லை.

"எனக்குத் தெரியும் பாய். எல்லாம் தெரியும். ஆனா விரிக்க வரல."

அவர்கள் நல்லவர்கள். அடுத்த மாதம் இன்னொரு வகுப்பு எடுத்துக் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதில் தேறினால், கல்லூரி திறப்பதற்குள் வேலையில் சேர வேண்டும். அதற்குள் இங்கிருந்து விடுவித்திருக்க வேண்டும். அக்கா ராஜினாமா கொடுத்தார். மேனேஜர் கியூ சொன்னார். இந்த முறை அக்கா நகரவில்லை. கடைசியில், அவருடைய வேலையை யாராவது முழுதாகக் கற்றுக்கொண்டு, கிளையன்ட் முன்னால் தனியாகச் செய்துகாட்டினால், கல்லூரி திறப்பதற்குள் ரிலீவிங் தருவதாக மேனேஜர் ஒத்துக்கொண்டார். இல்லையென்றால் நோட்டீஸ் காலம் முழுக்க இருந்தாக வேண்டும். அந்த ‘யாராவது’ யார் என்று நான் கேட்கவே தேவையிருக்கவில்லை. பக்கத்து நாற்காலி.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு இதில் இஷ்டமில்லை. நான் ஏற்கெனவே புதுத் தொழில்நுட்பம் படித்து வேறு புராஜெக்ட்டுக்குத் தாவப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வயதில் மெயின்ஃபிரேமில் இன்னும் ஆழமாக இறங்கினால், அப்புறம் என்னை வெளியே யார் எடுப்பார்கள்? மேனேஜர் என் தோளில் கைபோட்டு, "ரெண்டே குவார்ட்டர் பாய்" என்றார். அக்கா எதுவும் கேட்கவில்லை. மூலையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். சரி என்றேன்.

முதல் நாள் ‘தவறு’ என்றால் என்ன என்று கேட்டேன்.

"டேட்," என்றார்.

"எந்த டேட்?"

"அதான், தவறுன டேட்."

"அக்கா, இப்படிச் சொன்னா நான் இன்னும் பத்து வருஷத்துக்குக் கத்துக்க மாட்டேன். நீங்களும் இங்கயே இருக்க வேண்டியதுதான். காட்டாங்குளத்தூர்ல இருக்கற ஸ்டூடண்ட்னு நினைச்சுக்கங்க என்னை. மக்கு ஸ்டூடண்ட். எழுந்து நின்னு சொல்லுங்க."

"எழுந்து எல்லாம் முடியாது பாய், தூணு இடிக்கும்."

அதனால் மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து ஆள் இல்லாத கேன்டீனுக்குப் போனோம். அக்கா நின்றார், நான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு சுருக்கத்தையும் எடுத்து, அது விரிந்தால் என்ன வாசகம், அந்த வாசகம் எந்த இடத்தைக் காட்டுகிறது, அந்த இடம் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பாதியில் நிறுத்தினால் "புரியல மேடம்" என்பேன். அவர் பல்லைக் கடிப்பார். மறுபடி ஆரம்பிப்பார். வேர்த்துக் கொட்டும். பாத்திரம் கழுவுகிற அம்மா ஒருநாள் நின்று கேட்டுவிட்டு, "இன்னா சார், அந்தம்மாவ இப்பிடி வறுத்தெடுக்கற? பாவம், வுட்டுடு" என்றார். அக்காவுக்கு அன்று வந்த சிரிப்பு உடனே அணையவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக வாக்கியங்கள் வர ஆரம்பித்தன. எழுவாய் வந்தது, பயனிலை வந்தது, ‘உதாரணமாக’ என்ற சொல்கூட வந்தது. அநேகமாக எல்லாப் பெயரையும் விரித்துவிட்டோம். ‘நாமி’யை மட்டும் தொடவில்லை. தினமும் தட்டுகிற பெயர் அது. அதைப் போய் விளக்குவானேன் என்று இரண்டு பேருமே தாண்டிப் போய்விட்டோம்.

கிளையன்ட் முன்னால் செய்துகாட்ட வேண்டிய நாள் வந்தது. சாயங்காலம், கான்ஃபரன்ஸ் அறை. பெரிய திரையில் கிளையன்ட் பக்கத்து அதிகாரி அம்மாள். கீபோர்டில் நான், எதிரே மேனேஜர், சுவரோரம் அக்கா. அடுத்த வாரம் நடைமுறைக்கு வரப்போகும் புது நிரலைச் சோதித்துக் காட்ட வேண்டும். எடுத்துக்கொண்டது ஒரு பெண் பாலிசிதாரரின் கதை. விவாகரத்தானவர், நாமினியாக இருந்த கணவர் பெயரை எடுத்துவிட்டு மகள் பெயரைப் போட்டிருக்கிறார். நிரலை ஓட்டினேன். சரியான வரியில் நிறுத்தினேன். ‘நாமி’ என்று தட்டினேன்.

கணவர் பெயர் வந்து நின்றது.

மறுபடி தட்டினேன். மறுபடியும் அந்த மனிதரே. "இந்தப் பெண்மணி இறந்தால் பணம் விட்டுப்போன கணவனுக்கா போகும்?" என்று அந்த அம்மாள் கேட்டார். புது நிரலை நிறுத்திவைக்கச் சொல்லவா என்றும் கேட்டார். நான் நிரலின் வரிகளை மேலும் கீழும் உருட்டினேன். எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. மேனேஜர் மைக்கை அணைத்தார்.

"பாய், தள்ளுங்க. அக்காகிட்ட குடுங்க." பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். கோபமெல்லாம் இல்லை, வழக்கமான கனிவுதான். "பாத்தீங்களாம்மா? நீங்க இல்லாம இங்க எதுவும் ஆகாது. உங்களை விட்டா யாரு இருக்காங்க? இந்த குவார்ட்டர் முடியட்டும்."

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதே நொடியில் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. எப்போதும்போல அவர் கீபோர்டை வாங்கி இரண்டு தட்டுத் தட்டினால் கோளாறு சரியாகிவிடும். அவர் இல்லாமல் முடியாது என்பதும் உறுதியாகிவிடும். பேசாமல் உட்கார்ந்திருந்தாலோ, நான் தோற்றவன், கற்றுக்கொடுத்தது முடியவில்லை, ரிலீவிங் இல்லை. கல்லூரி அவருக்காகக் காத்திருக்காது. இரண்டு பக்கமும் அடைத்திருந்தது.

அக்கா எழுந்து வந்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். "நீங்க உக்காருங்க பாய்" என்று சொல்லிவிட்டு, மேனேஜர் கைக்கு அடியிலிருந்த மைக்கை இழுத்து ஆன் செய்தார். ஆங்கிலத்தில், மெதுவாக, ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தார்.

"நிரலில் தவறு இல்லை மேடம். நாங்கள் பார்த்த இடம் தவறு. பல வருடங்களுக்கு முன்னால் நாமினி பெயர் இருந்த இடத்தின் முழு முகவரிக்கு நான் ஒரு சுருக்கப் பெயர் வைத்தேன். புது நிரலில் நீங்கள் அந்தப் பெயரை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறீர்கள். பழைய இடத்தில் இருந்ததை அழிக்கவில்லை. என் சுருக்கம் இன்னும் அந்தப் பழைய இடத்துக்கே போகிறது. நாங்கள் எல்லோரும் தினமும் அதைத் தட்டுகிறோம். அது எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அதை வைத்த எனக்கே மறந்துவிட்டது."

அப்புறம் டிபக்கரிடம் அந்தச் சுருக்கத்தின் முழு வாசகத்தைக் காட்டச் சொல்லி என்னைத் தட்டச் சொன்னார். ஸ்கிரீனின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை அது வந்து நின்றது. ஒவ்வொரு துண்டாக விளக்கினார். எது பழைய பதிவு, எது புதுப் பதிவு, ஒன்று மாறினால் மற்றது ஏன் மாறாது. உதாரணம் சொன்னார். வீடு மாறிப்போனவருடைய பழைய வீட்டுக் கதவைத் தட்டினால், பழைய பெயர்ப்பலகைதானே இருக்கும் என்றார். திரையில் அந்த அம்மாள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் மேனேஜரும் தன்னையறியாமல் பேனாவை எடுத்திருந்தார். கேன்டீனில் வேர்க்க வேர்க்க நின்ற மனுஷி இவர்தானா என்று இருந்தது.

"பாய், இப்ப எல்லாத்தையும் கிளியர் பண்ணுங்க," என்றார்.

"நாமியை மட்டும்தானேக்கா?"

"எல்லாத்தையும். நான் வச்ச பேரு ஒண்ணுகூட இருக்க வேணாம்."

மேனேஜர் வாயைத் திறந்தார். மைக் ஆன் ஆகியிருந்ததால் மூடிக்கொண்டார். சுருக்கத்தை அழிக்கும் கட்டளையில் பெயர் எதுவும் கொடுக்காமல் தட்டினால் அத்தனை சுருக்கங்களும் போய்விடும். அதைத் தட்டினால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அக்கா வெளியே, நான் உள்ளே. விரல் ஒரு கணம் நின்றது. தட்டினேன்.

பிறகு அக்கா புது முகவரியை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, முழுதாகத் தட்டினேன். மகளின் பெயர் வந்தது.

"அப்படியானால் இனி உங்கள் டீமில் யார் வேண்டுமானாலும் இதைச் செய்ய முடியும், இல்லையா?" என்று அந்த அம்மாள் கேட்டார். மேனேஜர் பேனாவை மூடிவிட்டு, "முடியும்" என்றார். பழைய சுருக்கப் பெயர்களை இனி யாரும் பயன்படுத்தக் கூடாது என்று அவர்கள் பக்கத்திலிருந்து மெயிலும் வந்துவிட்டது. யாரிடமாவது பழைய பிரதி இருந்தாலும் அதை எடுக்க முடியாமல் போனது.

அக்கா கடைசி நாளன்று தடுப்பைத் தட்டினார். எழுந்து வழிவிட்டேன். டம்ளரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். டீக்கடைக்காரர் பிற்பாடு என்னிடம், "மேடம் போறப்ப ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்துச்சு சார். சக்கர இல்லாம, பால் கம்மியா, ஆத்தாதன்னு மொத்தமும் சொல்லிக் கேட்டுச்சு. இன்னாடா இதுன்னு பேஜாராப் பூட்டேன்" என்றார். இரண்டாவது மாதிரி வகுப்பு ஒரு மணி நேரத்தையும் தாண்டிப் போய், மணியடித்துத்தான் நிறுத்தினார்களாம்.

எனக்கு அக்காவின் மூலை கிடைத்தது. கொஞ்ச காலம் எல்லோரும் முழு வாசகத்தையும் தட்டினோம். டீமில் முணுமுணுப்பு, கைவலி, எழுத்துப் பிழை. வேலை நத்தையாக நகர்ந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல், எனக்கு மட்டும் என்று ஒரே ஒரு சுருக்கம் வைத்துக்கொண்டேன். சரிபார்த்துத்தான் வைத்தேன். எட்டிப் பார்த்த ஒருத்தர், "பாய், அதை எனக்கும் குடுங்களேன்" என்றார். அதற்கப்புறம் நடந்ததை நான் சொல்லவே வேண்டாம். இப்போது காலையில் டிபக்கரைத் திறந்தால் எல்லோருக்கும் என் பெயர்கள் ஏறி நிற்கின்றன. ‘ரெண்டே குவார்ட்டர்’ எப்போதோ முடிந்துபோனது. வேறு புராஜெக்ட் கேட்டுக் கண்ணாடி அறைக்குள் போனேன். மேனேஜர் உட்காரவைத்து, கனிவாகச் சொன்னார். வெளியே வந்தபோது அதற்குப் பெயர் ஏற்கெனவே இருந்தது.

போன வாரம் ஒரு சாயங்காலம், தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டார். வகுப்பைப் பற்றி, கடைசி பெஞ்சில் தூங்கும் ஒரு பெண்ணைப் பற்றி, அவளை எழுப்பாமலே கேள்வி கேட்டுப் பதில் வாங்கியதைப் பற்றி, கணவரோடு உட்கார்ந்து கோயம்புத்தூர் சண்டையை முதலிலிருந்து மறுபடி போட்டதைப் பற்றி. தப்பு இரண்டு பேர் மேலும் இருந்ததாம். இரண்டு பேரும் அழுதார்களாம். ஒவ்வொன்றையும் ஆதியோடந்தமாகச் சொன்னார். இரண்டு வண்டி போய்விட்டது.

"நீங்க எப்ப பாய் அங்கருந்து வெளிய வரப் போறீங்க?"

"கியூ," என்றேன்.

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்கு அதெல்லாம் மறந்துபோச்சு. முழுசா சொல்லுங்க."

மறக்கவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் காத்திருந்தார். அடுத்தவர் வாக்கியம் முடியும்வரை காத்திருக்காத அக்கா, காத்திருந்தார்.

"எனக்கு வெளிய போகணும்க்கா," என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கேட்டுட்டேன். விட மாட்டேங்கறாங்க. விட்டாலும் எங்க போறதுன்னு பயமா இருக்கு. இந்த வயசுல என்னை யாரு எடுப்பாங்க? அதான் நானும் பேரு வச்சுக்கிட்டு அந்தத் தூணுக்குப் பின்னாடியே உக்காந்திருக்கேன்."

"பக்கத்து சீட்ல இப்ப யாரு?"

"யாரும் இல்லக்கா. நான் மாறுனதுலருந்து காலியாத்தான் இருக்கு."

"அப்ப எழுந்து வர யாரையும் கேக்க வேண்டாமே பாய்."

குரோம்பேட்டை போகும் வண்டி வந்து நின்றது. ஆட்கள் என்னை இடித்துக்கொண்டு ஏறினார்கள். நான் போனைக் காதில் வைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றேன். வண்டி கிளம்பிப் போய்ச் சத்தம் அடங்கிய பிறகு அக்காவின் குரல் கேட்டது.

"பாய், இருக்கீங்களா?"

"இருக்கேன்க்கா," என்றேன். "இங்கயேதான் இருக்கேன்."